முதுசமா, முதலா? யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் பெறுமதி

யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ விலைக்கு நிற்கிறது என்றால், விஷயம் தெரிந்தவர் பொனற்றைத் திறக்கமுன் இரண்டு கேள்வி கேட்பார். “புக் இருக்கோ?” “புக்கில பேர் உள்ளவர் இருக்கிறாரோ?” புக் என்றால் காரின் பதிவுச் சான்றிதழ். எஞ்சின், பெயின்ற், ரயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். எஞ்சினைக் காசு கொடுத்துச் செய்விக்கலாம். இறந்துபோன ஒருவரின் பெயரில், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வீட்டுக் கோடிக்குள் நிற்கும் காரை வாங்குபவரின் பெயருக்கு மாற்றித் தர எந்த மெக்கானிக்காலும் முடியாது.

அதே கார் ஏன் இன்னும் விற்கப்படாமல் நிற்கிறது என்று வீட்டாரைக் கேட்டால், “ஐயாவின்ர கார்” என்று ஒரு பதில் வரும். அதற்கு மேல் விளக்கம் வராது, தேவையும் இல்லை. பணப் பெறுமதியும் மனப் பெறுமதியும் இங்கே ஒரே முடிச்சில் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, என்று நினைத்துக் காசு போடுகிறோம். போட்ட காசைச் சந்தை முதலாகத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்கிறோம்.

இந்தக் கார்கள் இங்கே தங்கியதற்கு ஆசை மட்டும் காரணமில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய மொறிஸ், ஒஸ்ரின், ஹில்மன், பியட் கார்களே அடுத்த பதினைந்து வருடங்களுக்கு மேல் நாட்டைச் சுமந்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் யப்பான் கார்கள் வந்து தெற்கில் இவற்றை மெல்ல ஓரங்கட்டின. வடக்கில் அந்த மாற்றம் பாதியில் நின்றது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் பாதை மூடப்பட்டது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைக்குள் போயின. கிளாலிக் கடலைப் படகில் கடந்த சனம் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனது; காரை ஏற்ற வழியில்லை. குடாநாட்டுக்குள் இருந்த கார் குடாநாட்டுக்குள்ளேயே கிடந்தது. 2002இல் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் வாடகைக் கார் தரிப்பிடத்தில் வரிசையாக நின்ற கேம்பிரிட்ஜுகளையும் சோமசெற்றுகளையும் பார்த்து அதிசயித்தார்கள். இங்குள்ளவர்களுக்கு அவை ஆஸ்பத்திரிக்குப் போகும் கார், கலியாணக் கார், செத்தவீட்டுக்குப் போகும் கார்.

சர்வதேசப் பழைய வாகனச் சம்மேளனமான பீவாவின் வரையறைப்படி, குறைந்தது 30 வயதான, காலத்துக்குரிய நிலையில் பேணப்படுகிற, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனமே வரலாற்று வாகனம். கடைசி நிபந்தனை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. இங்கே பல கார்கள் அன்றாடம் ஓடியதால்தான் பிழைத்தன.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

1990களில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை இங்கே எல்லோரும் அறிவார்கள். அது எஞ்சினுக்குள் என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. இன்று ஒரு காரை மதிப்பிடும்போது அந்த அறிவு நேரடியாகக் காசு.

பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை சென்ரிகிரேட்டிலிருந்தே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். 1950களின் பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றில் அமுக்க விகிதம் 7.2க்கு 1 என்ற அளவில்தான் இருந்தது. இன்றைய கார்கள் 10க்கு 1, அதற்கும் மேல். ஒக்ரேன் மிகக் குறைந்த மண்ணெண்ணெயை இன்றைய எஞ்சினில் ஊற்றினால் ஒரு நாளும் தாங்காது. பழையது, டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பித் தீப்பொறியைப் பிந்த வைத்தால், முனகிக்கொண்டாவது இழுத்தது.

ஆனால் ஆவியாகாத மண்ணெண்ணெய் எங்கேயாவது போகத்தானே வேண்டும். அது சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கியது. டிப்ஸ்ரிக்கில் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடுவது அதன் அடையாளம். மெலிந்துபோன எண்ணெயில் கிராங் பெயரிங் தேய்ந்தது, சிலிண்டரின் மேல்விளிம்பில் வரப்பு விழுந்தது, கரி கட்டி எக்சோஸ்ற் வால்வு கருகியது.

இப்படி ஓடிய காரை வாங்கப் போகிறவர் புகையை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கமானியை வைத்து ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடிய வாசிப்புக்கும் குறைந்த வாசிப்புக்கும் வித்தியாசம் 10 முதல் 15 வீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கவும். வாசிப்பு ஏறினால் பிழை ரிங்கில் அல்லது சிலிண்டரில். ஏறாவிட்டால் வால்வில். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரியது: வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், சிலிண்டர் என்றால் முழு எஞ்சினும் வெளியே வர வேண்டும்.

அப்படி வந்தால் கேட்க வேண்டியது, “முந்தி எத்தனை தவ் போர் பண்ணியது?” என்று. போர் பண்ணுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலிப்பது. தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று. மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினுக்கு ஓவர்சைஸ் பிஸ்ரன்கள் வழமையாக 10, 20, 30, 40 தவ் அளவுகளில் வருகின்றன. ஏற்கெனவே 40 தவ் போன எஞ்சினுக்கு அடுத்தது சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுவதுதான். பிஸ்ரன் தலையில் அந்த இலக்கம் குத்தப்பட்டிருக்கும், ஹெட் கழன்ற நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு விற்கும்போது உதவும்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்சோஸ்ற் வால்வு இருக்கும் இருக்கை, ஈயத்தின் படிவையே மெத்தையாக நம்பியிருந்தது. ஹெட்டை இறக்கிச் செய்யும்போது எக்சோஸ்ற் பக்கத்துக்குக் கடினமான இருக்கை வளையம் போட்டுவிடுவது நல்லது. பிறகு 92 ஒக்ரேன் தாராளமாகப் போதும். 95 ஊற்றுவதில் இந்த எஞ்சின்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

இன்னொன்று தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லுக்குள் இருக்கிறது. தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. ஏ சீரிஸில் அது முதலில் சேர்வது எஞ்சினின் பின்புறம், 4ஆம் சிலிண்டரைச் சுற்றி. அந்தப் பக்கத்து வடிகால் குழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே சேறு இறுகிவிட்டது. கம்பியால் குத்தித் திறந்து, தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, தண்ணீரை மறுபக்கத்திலிருந்து அடித்துக் கழுவ வேண்டும். அதன்பின் கிணற்றுத் தண்ணீர் விடவே கூடாது. மாரியில் பிடித்த மழைநீரும் நல்ல கூலன்ரும் போதும். மைனருக்குத் தேவை ஐந்து லீற்றரை ஒட்டியதுதான், ஆகவே இதில் சிக்கனம் பிடிக்க ஒன்றும் இல்லை. நல்லூர்த் திருவிழா நாளில் ஊர்ந்து போகும்போது கொதிக்கும் காரில் பத்துக்கு ஏழெட்டு இந்தப் படிவால்தான் கொதிக்கிறது என்பது எங்கள் மதிப்பீடு.

புக், நம்பர், பெயர்

பதிவுச் சான்றிதழில் செசி நம்பர், எஞ்சின் நம்பர், எரிபொருள் வகை மூன்றும் இருக்கும். போர்க்காலத்திலும் பிறகும் எத்தனையோ கேம்பிரிட்ஜுகளுக்கு யப்பான் டீசல் எஞ்சின் ஏறியிருக்கிறது, மைனருக்கு வேறு எஞ்சினும் கியர்பெட்டியும் ஏறியிருக்கின்றன. ஓட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது திருத்தப்படாவிட்டால் புக்கில் ஒரு கார், முற்றத்தில் இன்னொரு கார். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது பலருக்கு இது உறைத்தது. அந்தப் பதிவுக்குச் செசி நம்பர் கேட்கப்பட்டது. கடதாசி சரியாக இருந்தவருக்கு வாரம் 20 லீற்றர். மைனர் லீற்றருக்கு 12, 13 கிலோமீற்றர் ஓடும். குடாநாட்டுக்குள் ஒரு வாரத்துக்கு அது போதும் போதும். கடதாசி பிழைத்தவரின் கார் கொட்டிலுக்குள் நின்றது.

செசி நம்பரைத் தகட்டில் மட்டும் பார்த்து நம்பக்கூடாது. தகடு இரண்டு ஆணியில் நிற்பது. ஆணி புதிதாக இருந்தாலோ, சுற்றியுள்ள பெயின்ற்றுக்கும் தகட்டின் அடியில் உள்ள பெயின்ற்றுக்கும் நிறம் வேறாக இருந்தாலோ, காரணம் கேட்க வேண்டும்.

நம்பர் பிளேற்றுக்கும் இங்கே தனிக் கதை உண்டு. மிகப் பழைய கார்களில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த ஈஎல், ஈஎன், ஈவை போன்ற எழுத்துகள். அதற்குப் பிறகு வந்தது சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்துக்கு எதிராக வடக்கில் எழுந்த போராட்டத்தில், 1958இல், தார் பூசப்பட்ட பிளேற்றுகளும் தமிழ் ஸ்ரீ எழுதிய பிளேற்றுகளும் வீதியில் ஓடின. ஆகவே யாழ்ப்பாணத்தில் பதிவாகி யாழ்ப்பாணத்திலேயே இருந்த ஒரு காரின் நம்பர், பதிவிலக்கம் மட்டுமல்ல. அந்தக் காலத்துப் பிளேற் கிடைத்தால் கழற்றி எறியாதீர்கள், எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள்.

இனிப் பெயர். வட மாகாணத் தமிழருக்குச் சொத்து பற்றிய வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும். கலியாணத்துக்குப் பிறகு ஒருவர் உழைத்து வாங்கிய கார், புக்கில் அவர் பெயர் மட்டும் இருந்தாலும், தேடியதேட்டம். அவர் ஒன்றும் எழுதி வைக்காமல் இறந்தால் அதில் பாதி துணைவருக்கு, மற்றப் பாதி இறந்தவரின் உரித்தாளருக்கு. தகப்பனிடமிருந்து உரிமையாக வந்த கார் என்றால் அது முதுசம், அதன் வழி வேறு. மூத்த மகன் சாவியை வைத்திருக்கிறார் என்பதால் அவர் தனியே விற்க முடியாது. அம்மாவின் சம்மதமும் வெளிநாட்டிலுள்ள சகோதரங்களின் சம்மதமும் வேண்டும். தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவமோ மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கோ தேவைப்படலாம். இதற்காகும் மாதங்களையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் காரின் விலையிலிருந்து கழித்தே வாங்குபவர் விலை சொல்வார், அது நியாயமும்கூட. அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்கிப் பெயரை மாற்றிவிடுவது, எந்தப் பெயின்ற் வேலையையும் விடக் காரின் விலையைக் கூட்டும்.

கையெழுத்து மட்டும் போட்ட வெறும் படிவங்களோடு கை மாறி வந்த கார்களை விட்டு விலகுங்கள். இடையில் ஒருவர் இறந்தாலோ நாட்டை விட்டுப் போனாலோ சங்கிலி அறுந்துவிடும்.

எஞ்சின் மலிவு, பொடிதான் விலை

மைனருக்குத் தனிச் செசி கிடையாது. பொடியே செசி. 1948இல் லண்டன் எர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் வெளிவந்தபோது, ரக் அன் பினியன் ஸ்ரியரிங், முன்சில்லுக்கு முறுக்குத் தண்டுச் சஸ்பென்சன் என்று அதன் காலத்துக்கு முந்தியதாக இருந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் காரும் அதுதான். ஆனால் தகடே உடலும் எலும்புமாக இருப்பதால், கதவுக்குக் கீழே ஓடும் சில் உக்கினால் கார் நடுவில் தொய்யும். கதவைத் திறந்து, மூடும்போது தூக்கி மூட வேண்டியிருந்தால் அதுதான் நோய்.

உப்புக் காற்று இந்தக் குடாநாட்டை நாலு பக்கமும் சூழ்ந்திருக்கிறது. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாலத்தாலும் நாளாந்தம் போய் வந்த கார் என்றால் அடிப்பக்கத்தை இரட்டைக் கவனத்துடன் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில், சில்லு வளைவு, கதவின் அடி, பின் வில்லுத் தகடு தொங்கும் இடம் என்று நகர்த்திக்கொண்டு போக வேண்டும். காந்தம் பிடிக்காத இடத்தில் பெயின்ற்றுக்குக் கீழே இருப்பது பட்டி, அதாவது பள்ளத்தையும் ஓட்டையையும் மூடப் பூசும் பசை. அரை அங்குலப் பட்டியின் கீழே தகடு இருக்கிறதா என்பது அதன்பிறகுதான் தெரியவரும். முன்சில்லின் முறுக்குத் தண்டு பின்னோக்கி வந்து முடியும், தரைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனைகளையும் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். அது உள்ளே போனால் விலை பேச வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. மைனரின் முன்சில்லைத் தாங்கும் நிலைத்தண்டின் கீழ்முனை, ட்ரனியன் என்ற புரிவைத்த கட்டைக்குள் திருகி நிற்கிறது. கார் ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் புரி உரசுகிறது. கிரீஸ் இல்லாவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் தண்டு கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடிந்து கார் முகம் குப்புற விழும். எச்சரிக்கைச் சத்தம் பெரும்பாலும் வராது. உற்பத்தியாளர் சொன்னபடி 1000 மைலுக்கு ஒரு முறை மேலும் கீழும் உள்ள நிப்பிள்களில் கிரீஸ் அடிக்க வேண்டும். குறைவாக ஓடும் காருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டு பழைய கறுத்த கிரீஸ் வெளியே வந்து, அதன்பின் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். சில்லைத் தூக்கி வைத்து மேலும் கீழும் பிடித்து ஒருவர் ஆட்ட, மற்றவர் ட்ரனியனைப் பார்க்க வேண்டும். புரியில் அசைவு தெரிந்தால் அன்றைக்கே கார் நிற்க வேண்டும்.

பிறேக்கில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் திரவ மட்டம் தெரியும், ஆகவே பலர் பார்ப்பதே இல்லை. கழற்றப் போனால் அதன் போல்ற்றுக்குக் குறுக்கே முறுக்குத் தண்டு நிற்கும். இந்த வேலைக்கு கராஜில் ஏன் இவ்வளவு கூலி கேட்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். கழற்றிய பிறகு மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இங்கே உண்டு. அதைச் செய்யவே கூடாது. கனிம எண்ணெய் பட்ட பிறேக் ரப்பர் ஊதிப் பெருத்து, சிலிண்டருக்குள் இறுகும். பிறேக் பிடித்தால் விடாது. பிறேக் திரவத்தாலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ மட்டும் கழுவுங்கள்.

கேம்பிரிட்ஜ் ஏ55 வைத்திருப்பவருக்கு ஒரு வசதி. அதன் 1489 சி.சி. பி சீரிஸ் எஞ்சின், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வழியாக இந்தியாவின் அம்பாசடருக்குப் போய், அங்கே பல வருடம் உற்பத்தியான குடும்பம். கஸ்கற், வால்வு, பெயரிங் போன்றவை அந்த வழியால் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையில் வைத்து அளந்த பிறகே வாங்க வேண்டும். ஏ60இன் எஞ்சின் 1622 சி.சி., அதற்குப் பிஸ்ரன் வேறு. மைனருக்கு கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகமும் பிரித்தானியாவில் ஏறத்தாழ எல்லாப் பாகமும் புதிதாகவும் உண்டு. ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, அதே ரப்பர் செற்றின் விலை ஒரே வருடத்தில் இரட்டிப்பை நெருங்கியது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக்கூடியவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருப்பது நல்ல பழக்கம்: பொயின்ற் செற், கண்டென்சர், ரோட்டர், வீல் சிலிண்டர் ரப்பர், எஸ்யூ பெற்றோல் பம்பின் டயபிரம், ட்ரனியன் ரப்பர் வளையங்கள்.

இரண்டு நிரல் உள்ள கணக்கு

இலக்கங்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒருவர் ஒரு மைனரை 12 இலட்சத்துக்கு வாங்குகிறார். தகட்டு வேலை 6, பெயின்ற் 4, எஞ்சின் 3, பிறேக், வயரிங், ரயர் 2. மொத்தம் 27 இலட்சம். அதே நிலையில் உள்ள கார் சந்தையில் 20க்குப் போகிறது. 7 இலட்சம் போய்விட்டது என்று நினைத்து மனம் உடைவார்கள், அல்லது 30க்குக் குறைத்து விற்கமாட்டேன் என்று பத்து வருடம் நிறுத்தி வைப்பார்கள். இரண்டாவது ஆளின் நட்டம் இன்னும் பெரிது, ஏனென்றால் நிற்கும் கார் உக்குகிறது.

சரியான வழி, கொப்பியில் இரண்டு நிரல் கீறுவது. முதல் நிரலில் சந்தை ஏற்றுக்கொள்ளும் செலவு: தகட்டு வேலை, கடதாசி, பிறேக், உண்மையான பாகங்கள். இரண்டாவதில் எங்களுக்காகச் செய்த செலவு: ஐயா விரும்பிய நிறம், அம்மா இருந்து வந்த பின் சீற்றுக்குப் பழையபடி தோல், கலியாணத்துக்கு முதல்நாள் அவசரமாக முடித்த வேலை. அந்த 7 இலட்சம் இரண்டாவது நிரல். பத்து வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 70,000 ரூபா. அந்தக் காரில் பேரப்பிள்ளைகளை நல்லூருக்குக் கொண்டுபோய் வருவதற்கு அந்த விலை தகுமா என்பதை ஒரு குடும்பம் தானே தீர்மானிக்கலாம். பலருக்குத் தகும். அதை நட்டம் என்று எழுதுவதுதான் பிழை.

சந்தை விலையைத் தூக்கிவிடும் காரணங்கள் சில எங்கள் கையில் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நாட்டில் இருந்த எல்லா வாகனத்தின் விலையும் ஏறியது, பழையவையும் சேர்ந்தே ஏறின. 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருட ஏற்றத்தைப் பார்த்து, பழைய கார் என்றாலே விலை ஏறும் பொருள் என்று நினைத்து வாங்கினால் அடி விழும்.

கலியாணத்துக்கு வாடகைக்கு விடுவது பற்றி ஒரு சொல். தனிப்பட்ட பாவனைக்குப் போட்ட காப்புறுதி வாடகை ஓட்டத்தை மூடாது. முதலில் காப்புறுதிக் கம்பனியுடன் எழுத்தில் பேசுங்கள். முழுக் காப்புறுதி எடுக்கும்போது படங்களும் மதிப்பீட்டு அறிக்கையும் கொடுத்து, காரின் பெறுமதியை முன்கூட்டியே இருபக்கமும் ஒப்புக்கொண்ட தொகையாக எழுதுவிக்க முயலுங்கள்.

மனப் பெறுமதி காசாக மாறும் இடமும் உண்டு. அது கடதாசியில் இருக்கிறது. முதல் பற்றுச்சீட்டு, பழைய வரிப்பத்திரங்கள், கராஜ் பில், நம்பர் பிளேற் தெரிய வீட்டு முற்றத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இடப்பெயர்வுகளில், குறிப்பாக 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, பல வீடுகளில் இவை எல்லாம் போயின. ஆனால் மணமக்கள் காரில் ஏறும் படம் வெளிநாட்டு உறவினரின் அல்பத்தில் இருக்கும். நம்பர் தெளிவாகத் தெரிகிற அப்படி ஒரு படம், இந்தக் கார் இந்தக் குடும்பத்தினுடையது என்பதற்கு எந்த வாய்ப்பேச்சையும் விட மேலான சாட்சி. எல்லாவற்றையும் படம்பிடித்து, காரோடு ஒரு பைலில் வையுங்கள்.

எதைத் திருத்துவது, எதை விடுவது

பீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், வாகனத்தின் மேல் பாவனை விட்டுச்சென்ற தடங்களையும் அதன் வரலாறாக மதிக்கச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான நெறி இல்லை. ஒரு கதவின் உட்பக்கத் தட்டியைக் கழற்றினால், ஷெல் சன்னம் உள்ளே வந்த ஓட்டை, அதன்மேல் பித்தளையால் ஒட்டிய காசளவு தகடு, வெளியே அதற்கு மேல் மூன்று கை பெயின்ற். வெளிப்பக்கம் ஒழுங்காக இருந்தால் உட்பக்கத்தை ஏன் வெட்டி எறிய வேண்டும்? துரு பிடிக்காமல் பூசிவிட்டு அப்படியே விடலாம். லேத்தில் கடைந்து செய்த புஷ், சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வாஷர், கையால் வளைத்த எரிபொருள் குழாய் என்பனவும் அப்படியே. ஓட்டத்துக்கு ஆபத்தானதைக் கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் மாற்றியதை ஒரு ரின்னுக்குள் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பளபளவென்று புதிதாக்கிய மைனர் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. தடைக்காலத்தில் ஒரு யாழ்ப்பாண மெக்கானிக் கையால் உயிர் கொடுத்த மைனர் இங்கே மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பித் திருத்துவிப்பவர்கள் கட்டம் கட்டமாகக் கொடுக்க வேண்டும். முதல் கட்டம் முடிந்ததற்கு அடையாளம், பட்டி பூசமுன் வெறும் தகட்டோடு எடுத்த படம். கதவுக்குக் கீழே ஓடும் சில்லின் உட்பக்கம், தரை, பின் வில்லுத் தகட்டுப் பிடி மூன்றும் அதில் தெரிய வேண்டும். அது வராமல் பெயின்ற்றுக்குக் காசு அனுப்ப வேண்டாம். ரயர் புதிது என்று சொன்னால் பக்கத்திலுள்ள நாலு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம்.

பல வருடம் நின்ற கார்

ஐயா போனபின் நின்றுவிட்ட காரை மறுபடி எடுக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் பிழை, புதுப் பற்றரி போட்டு உடனே சாவியைத் திருப்புவது. ஒட்டிப்போன ரிங் அந்த ஒரு திருப்பலில் உடைந்துவிடும்.

முதலில் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஓரிரவு விடவும். மறுநாள், பிளக் போடாமல், கியர் நியூற்றலில், முன்பக்கத்தால் ஹாண்டில் போட்டு மெதுவாகத் திருப்பவும். இறுகினால் வற்புறுத்தாமல் இன்னும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். சுற்ற வந்ததும் பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, 20டபிள்யூ50 எண்ணெய் விடவும். மைனருக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் லீற்றர். பெற்றோல் ராங்கை இறக்கி, அடியில் கிடக்கும் பிசினாகிய பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டு, ரப்பர்க் குழாய்களைப் புதிதாக்கவும். அணில் கடித்த வயர் இருக்கிறதா என்று டாஷ்போர்டுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். பற்றரி போடும்போது கவனம்: இந்தக் கார்களில் பொதுவாக நேர்முனையே பொடியில் கட்டப்படும். யப்பான் ஒல்ரனேற்றர் ஏறியிருந்தால் மாறியிருக்கும். ஊகிக்காமல் பழைய இணைப்பைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

மைனருக்குப் பொயின்ற் இடைவெளி 15 தவ், பிளக் 25 தவ், வால்வு 12 தவ். சாவியை ஒன் பண்ணினால் எஸ்யூ பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதன் பொயின்ற் ஒட்டியிருக்கிறது, திருப்புளியின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் எழும்பும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பிறேக் வேலை முடியாமல் காரை நகர்த்த வேண்டாம், முற்றத்துக்குள்கூட.

எல்லாம் சரியென்றால், பிளக் இன்னும் வெளியிலேயே இருக்க, ஸ்ரார்ட்டரைப் பத்துப் பத்து வினாடியாக அடிக்கவும். எண்ணெய் விளக்கு அணையும்வரை. அணைந்த பிறகு பிளக்கைப் போட்டு, சோக்கை இழுத்து, மறுபடி ஸ்ரார்ட்டர். முதலில் நீலப்புகை தாராளமாக வரும். அது சிலிண்டருக்குள் விட்ட எண்ணெய். ஐந்து நிமிடத்தில் தெளியும். எஞ்சின் ஒரே சீராக வந்ததும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.